கார்டில் நெகட்டிவ், அம்மாவுக்கோ தீராத மயக்கம்

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் அம்மாவுக்குக் கொஞ்ச நாளாகவே பேச்சு குழறியது, நடை தள்ளாடியது, மத்தியானத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். பக்கவாதமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். தலை ஸ்கேனில் ஒன்றுமில்லை, சர்க்கரை, சோடியம் எல்லாம் சரி. தூக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டரம்மா கேட்டார். அம்மா இல்லை என்று தலையாட்டினார்.

சிறுநீரில் கார்டு டெஸ்ட் செய்தார்கள். இதில் கோடு விழாவிட்டால்தான் மருந்து இருக்கிறது என்று அர்த்தம், கர்ப்பம் பார்க்கும் கார்டுக்கு நேர்மாறு. பென்சோடயசெபைன் (டயசெபாம், குளோனசெபாம், லோரசெபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளின் குடும்பம்) என்று எழுதியிருந்த இடத்தில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான், நெகட்டிவ் என்றார் நர்ஸ்.

டாக்டரம்மா அதோடு விடவில்லை, அதற்கு அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். மாத்திரையைக் கல்லீரல் உடைத்து வேறு பொருளாக்கித்தான் சிறுநீரில் அனுப்புகிறது, கார்டு பெரும்பாலும் தேடுவது ஆக்சசெபாம் வகையைத்தான் என்றார். டயசெபாம் என்றால் நார்டயசெபாம், டெமசெபாம் என்று மாறிக் கடைசியில் ஆக்சசெபாமில் வந்து நிற்கும், அதனால் கார்டில் மாட்டிக்கொள்ளும். குளோனசெபாம் வேறு வழியில் 7-அமினோகுளோனசெபாம் ஆகிறது, பல கார்டுகள் அதைக் கோட்டைவிடும். லோரசெபாமும் கல்லீரல் சேர்க்கும் குளுக்குரோனிக் அமிலம் என்ற பொருளோடு ஒட்டிக்கொண்டு வெளியேறுவதால் தப்பிவிடலாம். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையோ அந்தக் குடும்பமே இல்லை, அதற்குத் தனி டெஸ்ட்.

அதனால் எந்த மருந்து என்று தனித்தனியாகப் பிரித்து அடையாளம் காட்டும் எல்சி-எம்எஸ் டெஸ்டுக்கு ரத்தமும் சிறுநீரும் கோயம்புத்தூர் லேபுக்குப் போயின. ரத்தத்தைச் சாம்பல் மூடி போட்ட டியூபில் எடுத்தார்கள், உள்ளே சோடியம் ஃபுளோரைடு இருக்கும். அது இல்லாமலும் குளிர்ச்சி இல்லாமலும் வைத்தால் டியூபுக்குள்ளேயே பாக்டீரியா குளோனசெபாமை மாற்றிவிடுமாம். தம்பிதான் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாகப் பஸ்ஸில் இறங்கினான்.

ரிப்போர்ட்டில் ரத்தத்தில் குளோனசெபாம், சிறுநீரில் அதன் 7-அமினோ, இரண்டுமே இருந்தன. இப்போதும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கிறதா என்பதற்கு ரத்தம்தான் சாட்சி, சிறுநீரில் நிறுத்திப் பல நாள் ஆன பிறகும் தெரியலாம். சிறுநீரில் வரும் எண்ணை வைத்து எத்தனை மாத்திரை சாப்பிட்டார் என்று கணக்குப் போடவும் முடியாதாம்.

பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டபோதுதான் அம்மா சொன்னார்: "தூக்கமே வரல கண்ணு, பக்கத்து லைன் அக்கா அவ சாப்பிடுற மாத்திரையத்தான் கொடுத்தா." சுக்கு டப்பாவுக்குள் பாதி காலியான அட்டை இருந்தது. இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30-லிருந்து 40 மணி நேரம் ஆகும், தினமும் ராத்திரி போட்டால் முந்தைய நாள் மிச்சத்தோடு சேர்ந்துகொண்டே போகும், வயதானவர்களை இன்னும் அழுத்தும்.

சட்டென்று நிறுத்தவும் விடவில்லை, வலிப்பு வரலாம் என்று டாக்டரம்மா சிறிது சிறிதாகக் குறைக்கச் சொன்னார். இப்போது பேச்சு தெளிந்து, தானே படியிறங்கித் தண்ணீர் பிடிக்கிறார்.

அப்புறம் அந்த அக்காவையும் போய்ப் பார்த்தேன். வலிப்புக்காக அவருக்குக் கொடுத்த மாத்திரை அது, அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுத் தனக்குக் குறையும் நாட்களில் போடாமலே இருந்திருக்கிறார். அவரையும் அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம்.