போர்டு போயிடுச்சுன்னு சொன்ன டெஸ்க்டாப்ப திரும்ப ஓட வெச்சது

வீட்ல இருக்கறது பழைய கோர் 2 டுவோ ப்ராசஸர் போட்ட மெஷின், டிடிஆர் 2 ராம், விண்டோஸ் 7. ஒரு நாள் ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, மானிட்டர்ல ஒண்ணும் வரல, நீளமா பீப்... பீப்னு விட்டு விட்டு சத்தம். சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போனா கழட்டிக்கூட பாக்காம "மதர்போர்டு போயிடுச்சு சார், இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸே வராது, புதுசு வாங்கிடுங்க"ன்னுட்டாங்க. என்னால அத ஒத்துக்கவே முடியல. போர்டு முழுசா செத்திருந்தா அந்த பீப்பே வராதுங்க, ஆன் பண்ணதும் போர்டுல முதல்ல ஓடற பயாஸ்ங்கற ப்ரோகிராம் ஓடினாதான் அந்த சத்தம் வரும், பயாஸ் ஓடுதுன்னா ப்ராசஸரும் போர்டும் ஓரளவு உசுரோடதான் இருக்குன்னு அர்த்தம். நீளமா திரும்பத் திரும்ப வந்தா முதல்ல ராம் மேலதான் சந்தேகப்படணும்.

வீட்டுக்கு வந்து பவர் கார்ட பிடுங்கிட்டு, பவர் பட்டன கொஞ்ச நேரம் அமுக்கி மிச்ச கரண்ட்ட இறக்கிட்டு, கேபினெட் இரும்ப ஒரு தடவ தொட்டுட்டு ராம வெளிய எடுத்தேன். அந்த தங்கக் கலர் பல் வரிசை கருத்துப் போயிருந்துச்சு. பசங்க யூஸ் பண்ற வெள்ளை ரப்பரால ரெண்டு பக்கமும் மெதுவா தேச்சு, தூள ஊதாம பிரஷ்ஷால தட்டி விட்டேன் (ஊதினா எச்சில் ஈரம் பட்டுடும்). ஸ்லாட்டயும் பிரஷ் பண்ணிட்டு ஒரு ராம மட்டும் போட்டு ஆன் பண்ணினேன், டிஸ்ப்ளே வந்துடுச்சு. ரெண்டாவதையும் போட்டேன், அதுவும் ஓகே. பைசா செலவில்ல.

ஆனா வந்த உடனே கருப்பு ஸ்க்ரீன்ல சிமாஸ் செக்சம் எரர் (சேமிச்சு வெச்ச பயாஸ் செட்டிங் கலைஞ்சுடுச்சுன்னு அர்த்தம்), எஃப்1 அமுக்குன்னு கேட்டுச்சு. உள்ள போனா தேதி 2009. குரோம்ல எந்த சைட்டும் தொறக்கல, கனெக்ஷன் பாதுகாப்பா இல்லன்னு சிவப்பா காட்டுது. நிறைய பேர் இத வைரஸ்னு நெனச்சு ஃபார்மேட் வரைக்கும் போயிடறாங்க, தயவுசெஞ்சு போகாதீங்க. ஒவ்வொரு சைட்டும் தான் ஒரிஜினல்னு காட்டற சர்டிஃபிகேட்டுக்கும் இந்த தேதியில இருந்து இந்த தேதி வரைக்கும்தான் செல்லும்னு இருக்கும், நம்ம மெஷின் 2009ல நின்னா அது இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னு முடிவு பண்ணிடும். கரண்ட் இல்லாதப்பவும் தேதியையும் பயாஸ் செட்டிங்கயும் காப்பாத்தறது போர்டுல காசு மாதிரி வட்டமா இருக்கே, அந்த சிஆர் 2032 பேட்டரிதான், 3 வோல்ட் இருக்க வேண்டியது மீட்டர்ல ரொம்ப கம்மியா காட்டுச்சு. அத மாத்தி தேதிய சரி பண்ணதும் சைட்டெல்லாம் தொறந்துச்சு. பேட்டரி மாத்தறவங்க ஒண்ணு கவனிங்க, பயாஸ் செட்டிங் எல்லாம் டீஃபால்ட்டுக்குப் போயிருக்கும். ஏஹெச்சிஐ, ஐடிஇன்னு போர்டு டிஸ்க்கோட பேச ரெண்டு முறை இருக்கு, முன்னாடி ஏஹெச்சிஐல ஓடின டிஸ்க் இப்ப ஐடிஇக்கு மாறியிருந்தா விண்டோஸ் ப்ளூ ஸ்க்ரீன் அடிச்சு நிக்கும், திரும்ப பழையபடி மாத்தி விட்டா போதும், விண்டோஸ் கெட்டுப்போகல.

இதுக்கு நடுவுல மெஷின் தானா ஆஃப் ஆகவும் செஞ்சுது, அதுக்குக் காரணம் சூடு. ப்ராசஸர் மேல சூட்ட இழுக்கற உலோகக் கட்டையான ஹீட்சிங்க்குக்கும் ஃபேனுக்கும் நடுவுல தூசி கம்பளி மாதிரி படிஞ்சிருந்துச்சு, சுத்தம் பண்ணி ப்ராசஸர் சூட்ட ஹீட்சிங்க்குக்குக் கடத்தற தெர்மல் பேஸ்ட்ட புதுசா வெச்சதும் அந்தப் பிரச்சினை அதோட முடிஞ்சுது.

எனக்கு நிஜமா பயம் வந்தது ஹார்டு டிஸ்க்ல. ஃபோல்டர் தொறக்கவே அவ்ளோ நேரம் ஆகுது, டிக் டிக்னு சத்தம் வேற. டிஸ்க்கோட உடல்நிலையக் காட்டற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டுப் பாத்தா மஞ்சள்ல காஷன், பென்டிங் செக்டார், அதாவது சரியா படிக்க முடியாத இடங்க, ஏறியிருக்கு. அதுக்குள்ளதான் அப்பா குலதெய்வக் கோவில் வரவு செலவு, நன்கொடை லிஸ்ட், பங்காளிங்க குடும்ப விவரம்னு வருஷக் கணக்கா டைப் பண்ணி வெச்சிருக்கார், வேற எங்கயும் காப்பி கிடையாது. "எது போனாலும் பரவால்லப்பா, அந்த லிஸ்ட்ட மட்டும் எப்படியாவது எடுத்துக் குடுத்துடு"ன்னு பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்துட்டார். இந்த மாதிரி டிஸ்க்ல விண்டோஸோட டிஸ்க் சரிபாக்கற டூலான செக் டிஸ்க் ஓட்டலாம்னு நெறைய பேர் சொல்வாங்க, காப்பி எடுக்காம ஓட்டவே ஓட்டாதீங்க, சாகப்போற டிஸ்க்க முழுசா படிக்க வெச்சா மிச்சமும் போயிடும். விண்டோஸுக்குப் பதிலா ஓட்டற இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட்ட பென் டிரைவ்ல போட்டு அதுல இருந்து பூட் பண்ணி, முக்கியமான ஃபோல்டர முதல்லயும் சினிமா பாட்டெல்லாம் கடைசியிலயும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு காப்பி பண்ணினேன். எல்லாம் பாமினி ஃபான்ட்ல டைப் பண்ணது, இங்கிலீஷ் எழுத்து இருக்கற இடத்துல தமிழ் வடிவத்த வெச்ச பழைய ஃபான்ட் அது, அதனால விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கற ஃபான்ட்ஸ் ஃபோல்டரயும் சேத்து எடுத்தேன். அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல தொறந்தா தமிழ் தெரியாது, சம்பந்தமே இல்லாத இங்கிலீஷ் எழுத்தா வரும், ஃபைலே கரப்ட் ஆயிடுச்சுன்னு அழிச்சவங்களும் இருக்காங்க.

அப்புறம் சுத்தற தட்டு இல்லாம சிப்லயே சேமிக்கற ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன், பழைய போர்டுல அதோட முழு வேகம் வராது, ஆனாலும் ஹார்டு டிஸ்க்குக்கும் அதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட அப்டேட் நின்னு போச்சு, விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஓட சாதாரண சப்போர்ட் முடிஞ்சுது, 11 இந்த ப்ராசஸர ஏத்துக்காது. அதனால மின்ட்ல லேசான எக்ஸ்எஃப்சிஇ எடிஷனயே இன்ஸ்டால் பண்ணிட்டேன், 4 ஜிபி ராமுக்கு தாராளமா ஓடுது. எம்எஸ் ஆபீஸ் மாதிரி இலவசமா கெடைக்கற லிப்ரே ஆபீஸ்ல அப்பாவோட ஃபைல் எல்லாம் தொறக்குது, பாமினி ஃபான்ட்ட இன்ஸ்டால் பண்ணதும் தமிழும் அப்படியே வந்துடுச்சு.

இப்ப ஒவ்வொண்ணா, தனி ஃபான்ட் தேவைப்படாம எந்த மெஷின்லயும் தமிழாவே தெரியற யூனிகோடுக்கு மாத்திட்டு இருக்கோம். என்ஹெச்எம் கன்வர்ட்டர் மாதிரி டூல்ல போட்டா டக்குனு மாறிடுது, ஆனா நடுவுல இங்கிலீஷ்ல டைப் பண்ணின பேர், இனிஷியல், பேங்க் பேர் எல்லாத்தையும் அதுவும் பாமினின்னு எடுத்துக்கிட்டு அர்த்தமில்லாத தமிழ் எழுத்தா மாத்திடும். நன்கொடை லிஸ்ட்ல இனிஷியல் மாறினா ஆளே மாறிடும். அதனால ஒரிஜினல பக்கத்துலயே தொறந்து வெச்சு வரி வரியா அப்பா படிக்க படிக்க நான் திருத்திட்டு வரேன், பழைய டிஸ்க்க இன்னும் ஃபார்மேட் பண்ணல.