ஆச்சியும் பிரஷும்

அம்பாசமுத்திரத்தில் என் ஆச்சிக்கு ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. முகத்தின் உணர்ச்சியைக் கடத்தும் ஐந்தாம் கபால நரம்பு கிளப்பும் வலி. மின்சாரம் பாய்ந்ததுபோல் சில விநாடிகள் வெட்டிவிட்டு நின்றுவிடும். ஆடிக் காற்று கன்னத்தில் பட்டாலே போதும். பிரஷ் பட்டால் கேட்கவே வேண்டாம். வலிக்கும் பக்கம் பல் துலக்குவதையே விட்டுவிட்டார். காரை படிந்து, ஈறு வீங்கி, இரத்தம் கசிந்தது. வலிக்குக் கொடுக்கும் கார்பமசெபின் சிலருக்கு வாயை உலர்த்தவும் செய்யும். எச்சில் குறைந்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம்.

“பல்லைப் பிடுங்கிவிடுங்கள், ஆச்சி” என்று தெருவே வைத்தியம் சொல்கிறது. வலி பல்லில் இருந்தால்தானே! பெரும்பாலும் மூளைத்தண்டருகே இரத்தக்குழாய் நரம்பை அழுத்துவதுதான் காரணம். இது தெரியாமல் நல்ல பல்லைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம்.

இப்போது மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்து, மிருதுவான பிரஷும் வெதுவெதுப்பான தண்ணீருமாகத் துலக்குகிறார். என்னைத் திட்டிக்கொண்டேதான்.