புறவாசல் கேமரா

அக்டோபர் 19, சனி

மருமகன் கேமராவைத் தென்னையில் கட்டிவிட்டான். முழங்கால் உயரம், வடக்கே வீட்டைப் பார்த்து. கிழக்கே திருப்பினால் விடிந்ததும் வெயில் நேராக லென்ஸில் அடிக்குமாம். எட்டு பென்சில் பேட்டரி விழுங்குகிறது. “நீங்கள் குனியக் கூடாது அத்தை, கார்டை நான் எடுத்துத் தருகிறேன்” என்றான். குனியக் கூடாது, தூக்கக் கூடாது, தும்மக்கூடக் கூடாது.

அக்டோபர் 20, ஞாயிறு

412 படங்கள். 397 வாழை இலை. 14 பக்கத்து வீட்டுக் கோழி. ஒன்றில் ஒரு வால்.

அக்டோபர் 21, திங்கள்

வாழையைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தக் கருவிக்கு அசைவு மட்டும் போதாது. பின்னணியின் சூட்டிலிருந்து வேறுபட்ட ஏதாவது குறுக்கே நகர்ந்தால்தான் விழித்துக்கொள்கிறது. வெயிலில் சூடேறிய இலை காற்றில் ஆடினால் அதற்கு அதுவும் ஒரு பிராணி. பாம்பு ஊர்ந்து போனால் பெரும்பாலும் தெரியாது. நடுப்பகலில் சுவரெல்லாம் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடுவதால் கீரி போனாலும் சந்தேகம்தான். அப்படியே விழித்தாலும் படம் எடுப்பதற்குள் ஆள் தாண்டிவிடுகிறது. அதனால்தான் வால்.

வாலில் வளையம் இல்லை. இருந்தால் புனுகுப்பூனை. இது ஒரே கறுப்பு, நல்ல நீளம். மரநாய் என்கிறேன் நான். அம்மா “பூனை” என்கிறாள். எதையும் ஒரே சொல்லில் முடித்துவிடுவாள் அம்மா. என் விஷயத்தில் அந்தச் சொல் “சரியாகிவிடும்”.

அக்டோபர் 23, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வரவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்று சொன்னவர்கள் அவர்கள்தான். மாலை நான்கு மணிக்கு நானே கூப்பிட்டேன். இன்னொரு டாக்டரும் பார்க்க வேண்டுமாம், செவ்வாய் ஆகுமாம். எதற்கு இன்னொருவர் என்று கேட்க வாய் வரவில்லை. “இரண்டு பேர் பார்த்தால் நல்லதுதானே” என்றாள் மதினி. நல்லது என்றால் ஒருவர் பார்த்தாலே தெரிந்திருக்காதா?

தூக்கம் இல்லை. ஜன்னலோரம் ஒருக்களித்துக் கிடந்தேன். 2.40க்குத் தென்னையடியில் சிவப்பாக ஒரு புள்ளி எரிந்து அணைந்தது. இருட்டில் படமெடுக்கக் கேமராவில் உள்ள அகச்சிவப்பு விளக்கு. 850 நானோமீட்டர் அலைநீள வகை என்பதால் சாம்பலுக்குள் கிடக்கும் கங்கு போல மங்கலாகத் தெரிகிறது. 940 வாங்கியிருந்தால் இதுவும் தெரிந்திருக்காது. ஏதோ ஒன்று அங்கே நிற்கிறது. கூடவே வடித்த சோற்று மணம். இந்த நேரத்தில் யார் உலை வைக்கிறார்கள்?

அக்டோபர் 26, சனி

முழு முகம்! கறுப்பு மூஞ்சி, கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டு, இடது காதில் ஒரு கிழிசல். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, “பூனைக்கு ஏன் இவ்வளவு நீள மூக்கு?” என்றாள். சோற்று மணமும் இதனுடையதுதான்.

அக்டோபர் 28, திங்கள்

துவைகல்லின் மேல் மறுபடியும் பப்பாளி விதைகள், அரைபடாமல் முழுசாக. அம்மா ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டே கழுவுகிறாள். மேடான இடமாகப் பார்த்துத் திரும்பத் திரும்ப அங்கேயே எச்சம் போடுவது மரநாயின் வழக்கம். கேமராவைத் துவைகல் பக்கம் திருப்பட்டுமா என்றான் மருமகன். வேண்டாம் என்றேன். திருப்பினால் ஜன்னலிலிருந்து புள்ளி தெரியாது. அவனிடம் வேறு காரணம் சொன்னேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

கைப்பேசியை மடியிலேயே வைத்திருந்தேன். பிறகு மதினியிடம் கொடுத்தேன். பிறகு திரும்ப வாங்கிக்கொண்டேன். தீபாவளி முடியட்டும் என்றார்கள்.

அக்டோபர் 31, வியாழன்

ஊரெல்லாம் சரவெடி. புள்ளி இல்லை. அதிரசம் இரண்டு தின்றேன்.

நவம்பர் 1, வெள்ளி

இல்லை.

நவம்பர் 2, சனி

இல்லை. எதிர் வீட்டு ஓட்டுக் கூரைக்குள் பகலெல்லாம் தூங்கிக்கொண்டிருந்திருக்கும். அங்கேதான் பத்தாயிரம் வாலா கொளுத்தினார்கள். மிரண்டு ஓடியிருக்கும். எங்கே ஓடியிருக்கும்? மேற்கே மலைப் பக்கம் போயிருந்தால் நல்லது. கிழக்கே என்றால் ரோடு, நாய்கள். பண்பொழி ரோட்டில் ஏதாவது அடிபட்டுக் கிடக்கிறதா என்று பார்த்துவர மருமகனைச் சைக்கிளில் அனுப்பினேன். போனான், பாவம். ஒரு கீரிதான் கிடந்ததாம். சந்தோஷப்பட்டேன், உடனே கீரிக்காக வெட்கப்பட்டேன். “அதற்காகவா அழுகிறாய்?” என்றாள் அம்மா. ஆமாம் என்றேன்.

பப்பாளி ஒன்று மரத்திலேயே கனிந்திருக்கிறது. பறிக்க விடவில்லை.

நவம்பர் 4, திங்கள்

மழை. லென்ஸின் மேல் சிலந்தி வலை கட்டிவிட்டது. எல்லாப் படமும் வெள்ளைப் புகை. 1.15க்கு எடுத்த ஒன்றில் மட்டும் ஓரத்தில் ஒரு காது. கிழிசல் இல்லை. ஆனால் அது வலது காது. பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, கட்டம் கட்டமாக உடையும் வரை பார்த்தேன். வலது காதுதான்.

நவம்பர் 5, செவ்வாய்

கூப்பிட்டார்கள். நேரில் வர வேண்டுமாம். வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள்.

காலை 5 மணிக்கு மதுரை பஸ். அண்ணன் கூட வருகிறான். கேமராவை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேட்டரி ஒரு கோடுதான் காட்டியது. மருமகன் எட்டும் புதிதாக வாங்கி வைத்திருந்தான். யாரும் இல்லாத நேரம் பார்த்து நானே குனிந்து மாற்றினேன். கார்டை எடுக்கவில்லை.

பப்பாளியில் பாதியைக் காணோம். வௌவாலாகவும் இருக்கலாம்.