பதினேழு வயதும் ஓர் ஒப்புதல் கையெழுத்தும்

இங்கிலாந்தில் ஓர் அழகியல் சிகிச்சை மையத்தில் நான் செவிலியராகச் சேர்ந்த புதிதில், பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தன் தாயுடன் வந்து, உதட்டைப் பருமனாக்க ஊசியால் செலுத்தும் கூழான ஃபில்லரைப் போட்டுவிடும்படி கேட்டாள். கைப்பேசியில் அவள் காட்டிய படத்தில் இருந்தது, செயலி ஒன்று திருத்திக் கொடுத்த அவளுடைய முகமேதான். மேலுதட்டின் நடுப்பள்ளத்தை விரல் நுனியால் தொட்டு, "இங்கே கொஞ்சம் போட்டால் போதும்" என்றாள். தாயார் ஒப்புதல் படிவத்தை முன்னால் வைத்து, பேனாவைத் திறந்தே வைத்திருந்தார்.

நான் மறுத்தேன். ஃபில்லர் தவறி ரத்தக் குழாய்க்குள் சென்றுவிட்டால் தோல் வெளிறி அழுகக்கூடும், அரிதாகப் பார்வையே போய்விடவும் கூடும் என்று விளக்கினேன். "பெற்றவள் நானே சம்மதிக்கும்போது உங்களுக்கு என்ன தடை?" என்று அந்த அம்மா கேட்டபோது, எடுத்துக்காட்ட என்னிடம் ஒரு சட்டமும் இல்லை. பதினெட்டு வயது நிறையாதவர்களுக்குப் பச்சை குத்துவதை 1969-லேயே தடுத்து, சருமத்தைக் கருமையாக்கும் புற ஊதாப் படுக்கைகளையும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களுக்கு விலக்கிவைத்த நாட்டில், முகத்தில் போடும் ஊசிக்கு மட்டும் வயது வரம்பு இருக்கவில்லை. அவள் வேறோர் இடத்தில் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் மட்டும் கட்டி தட்டிய உதட்டுடன் எங்களிடமே திரும்பி வந்தாள். மருத்துவர் ஹயலுரோனிடேஸ் ஊசியால் அதைக் கரைத்த நேரம் முழுவதும் தாயார் மகளின் கையை விடவில்லை. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

2021 அக்டோபர் 1 முதல் நிலைமை மாறியது. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு அழகுக்காக, தசையைத் தளர்த்தும் ஊசிமருந்தான போட்டாக்ஸோ ஃபில்லரோ போடுவது இங்கிலாந்தில் சட்டப்படி குற்றமாயிற்று. பெற்றோர் கையெழுத்திட்டாலும் அது செல்லாது. போடுபவர் மட்டுமின்றி, மையத்தை நடத்துபவரும் பொறுப்பாவார். அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. மருத்துவத் தேவைக்கான வழியை அந்தச் சட்டம் அடைக்காதது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. மூளை முடக்குவாதத்தால் குதிகால் தரையில் படாமல் நடந்த ஒரு சிறுவனின் கெண்டைக்கால் தசை, இதே போட்டாக்ஸால் இளகியதை நான் முன்பு குழந்தைகள் பிரிவில் கண்டிருக்கிறேன்.

பிரித்தானியாவின் மற்றப் பகுதிகளுக்குச் செல்லாமல் இங்கிலாந்தின் எல்லையோடு அந்தச் சட்டம் நின்றுவிடுவது பெருங்குறை என்றே இன்றும் கருதுகிறேன். ஆயினும் என் மேசையில் அது செய்த மாற்றம் சிறிதன்று. முன்பெல்லாம் மறுப்புக்குக் காரணம் சொல்லியே நேரம் தீர்ந்துவிடும்.

சட்டம் வந்தபின் ஒரு நாள், பாஸ்போர்ட்டில் பிறந்த தேதியைப் பார்த்து, பதினெட்டு நிறைய இன்னும் ஏழு மாதங்கள் இருப்பதாக ஒரு பெண்ணிடம் சொன்னேன். உடன் வந்திருந்த தாய் வாதாடவில்லை. படிவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, உதட்டைப் பற்றி முதலில் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவள், தன் படத்தின் கீழே வகுப்புத் தோழர்கள் எழுதியிருந்ததைத் தலைகுனிந்தபடி ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். தாய் அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.