கடைசி இரண்டு செக்டர்கள்

குறுந்தகட்டின் கடைசியில் இருக்கும் இரண்டு செக்டர்களை, அதாவது தகடு பிரிக்கப்பட்டிருக்கும் சிறு துண்டுகளில் இரண்டை, அறியாததால் நல்ல தகடுகள் பலவற்றை நான் குப்பையில் போட்டிருக்கிறேன். எழுதி முடித்த தகட்டை முழுவதும் திரும்பப் படித்து, கணினியில் இருக்கும் ஐஎஸ்ஓ கோப்போடு, அதாவது தகட்டில் எழுதக் கொடுத்த அதே உள்ளடக்கத்தோடு, ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உறையில் போடுவது என் வழக்கம். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். முடிவதற்குச் சிறிது முன்னால், படிக்க முடியவில்லை என்று லினக்ஸ் பிழை காட்டி நின்றுவிடும். தகடு மட்டம் என்று நினைத்து வேறு தகடு வாங்கினேன். டிரைவின் லென்ஸைத் துடைத்தேன். வேகத்தைக் குறைத்து எழுதினேன். பிழை மட்டும் அதே இடத்தில் வந்து நின்றது.

காரணம் பல ஆண்டுகள் கழித்து, தகடு எழுதும் எக்ஸோரிசோ என்ற நிரலின் கையேட்டைப் படித்தபோதுதான் புரிந்தது. குறுந்தகட்டை ஒவ்வொரு தடமாக, அதாவது தொடர்ச்சியான ஒவ்வொரு பகுதியாக, எழுதும் முறையில், தடம் முடிந்ததும் டிரைவ் தானாகவே இரண்டு செக்டர்களைச் சேர்த்துவிடுகிறது. அவற்றில் நம் தரவு எதுவும் இல்லை, அவற்றைத் தரவாகப் படிக்கவும் இயலாது. ஆனால் தடத்தின் நீளத்தைக் கேட்டால் அவற்றையும் சேர்த்தே டிரைவ் சொல்லும். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலோ வேகத்துக்காக, கேட்டதற்கும் மேலாகச் சில செக்டர்களை முன்கூட்டியே படித்து வைக்கும் பழக்கம் உடையது. அப்படி அள்ளும் கைப்பிடிக்குள் அந்த இரண்டும் அகப்பட்டுவிட்டால், அவற்றோடு சேர்ந்து வந்த நல்ல செக்டர்களும் கெட்டவை என்று அறிவிக்கப்பட்டுவிடும். எக்ஸோரிசோ இதற்குச் செய்யும் பரிகாரம் எளிமையானது: தரவு முடிந்ததும் 150 வெற்றுச் செக்டர்களை, அதாவது 300 கிலோபைட் அளவுக்குப் பஞ்சு அடைப்பதுபோல் அடைத்துவிடுகிறது. இனி எவ்வளவு முன்னால் எட்டிப் படித்தாலும் அடிபடுவது அந்தப் பஞ்சுதான்.

அந்தப் பரிகாரத்தைக் கண்ட பிறகு, அதை எழுதியவர்கள் வேறு என்னென்ன கவனித்திருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆவல் எழுந்தது. எக்ஸோரிசோவின் அடியில் இருப்பவை லிப்பர்னியா திட்டத்தின் மூன்று நிரலகங்கள், அதாவது பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுதிகள்: லிப்பர்ன், லிப்ஐஎஸ்ஓஎஃப்எஸ், லிப்ஐஎஸ்ஓபர்ன். மூன்றும் ஜிபிஎல் உரிமத்தில் வெளிவரும் கட்டற்ற மென்பொருள்கள். லிப்பர்னை முதலில் எழுதியவர்கள் டெரெக் ஃபோர்மனும் பென் ஜான்சென்ஸும். 2006 முதல் மரியோ டானிச், தாமஸ் ஷ்மிட் ஆகியோரின் கைக்கு அது வந்தது. லிப்ஐஎஸ்ஓஎஃப்எஸ்ஸில் பெரும் பங்கு விரெயிஷோ ஃபோர்மோசோவுடையது.

இந்தப் பிரிவினைதான் எனக்குப் பிடித்தது. ஆங்கிலத்தில் இந்த வேலையை எரித்தல் என்கிறார்கள். நம்மில் யாரும் சிடியை எரித்ததில்லை, ரைட் செய்தோம். எந்தச் சொல்லை வைத்தாலும், பென் டிரைவில் கோப்பை நகலெடுப்பது போன்ற ஒரே வேலையாகத்தான் அது மனத்தில் பதிந்திருக்கிறது. உண்மையில் அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு வேலைகள். கோப்புகளையும் கோப்புறைகளையும் ஐஎஸ்ஓ 9660 என்ற அமைப்பில், 2048 பைட் கொண்ட செக்டர்களின் நீண்ட வரிசையாக அடுக்கித் தருவது ஒன்று. அது முழுக்கக் கணக்கு வேலை, தகடே இல்லாமல் செய்து முடிக்கலாம். அந்த வரிசையை டிரைவிடம் ஒப்படைத்து எழுத வைப்பது மற்றொன்று. அது ஒரு முரட்டு இயந்திரத்தோடு நடத்தும் பேச்சுவார்த்தை. முதல் வேலை லிப்ஐஎஸ்ஓஎஃப்எஸ்ஸுடையது, இரண்டாவது லிப்பர்னுடையது. இரண்டையும் இணைத்து வைப்பது லிப்ஐஎஸ்ஓபர்ன்.

பேச்சுவார்த்தை என்று சொன்னதில் மிகையில்லை. லிப்பர்ன் டிரைவோடு பேசும் மொழி எம்எம்சி என்ற கட்டளைத் தொகுதி. உள்ளே இருக்கும் தகடு என்ன வகை, அதில் எவ்வளவு இடம் மீதமிருக்கிறது, அடுத்து எழுதக்கூடிய இடம் எது, எந்தெந்த வேகங்களில் எழுத முடியும் என்றெல்லாம் கேட்டறிந்த பிறகே முதல் செக்டர் அனுப்பப்படுகிறது. எழுதும்போது டிரைவின் தற்காலிக நினைவகமான இடையகம் நிரம்பிவிட்டால், இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன், பொறு என்ற பொருளில் ஒரு பதில் வரும். அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளாமல் சற்றுக் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். முடிவில் இடையகத்தில் இருப்பதையெல்லாம் தகட்டில் இறக்கச் சொல்லி, தடத்தையும், ஒரு முறை உட்கார்ந்து எழுதிய மொத்தமான அமர்வையும் மூடச் சொல்லி, மூடிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இதில் எதிர்த்திசைப் பிரச்சினையும் உண்டு. 48 மடங்கு வேகத்தில் எழுதும் டிரைவ் நொடிக்கு ஏறத்தாழ 7 மெகாபைட் விழுங்குகிறது. எக்ஸோரிசோ முன்னிருப்பாக வைத்திருக்கும் 4 மெகாபைட் வரிசைக் கிடங்கு அரை நொடிக்குச் சற்று மேல்தான் தாங்கும். 2000ஆம் ஆண்டு வாக்கில் சான்யோவின் பர்ன்-புரூஃப் போன்ற நுட்பங்கள் வந்த பிறகு, தரவு தீர்ந்தால் டிரைவ் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்கு முன்பு தீர்ந்தது என்றால் தகடும் தீர்ந்தது. அந்தக் காலத்தில் சிடி ரைட் ஆகும்போது மவுஸைக்கூடத் தொடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

இப்படி நிரலகமாகப் பிரித்து எழுதுவதற்கு முன்பு நிலைமை வேறு. யோர்க் ஷில்லிங் 1996இல் தொடங்கிய சிடிரெக்கார்ட் நிரல்தான் லினக்ஸ் உலகம் முழுவதற்கும் தகடு எழுதிக் கொடுத்தது. வரைகலை நிரல்கள் அதைப் பின்னணியில் ஓட்டி, திரையில் அது அச்சிடும் வரிகளைப் படித்து, எத்தனை விழுக்காடு முடிந்தது என்று ஊகித்துக் காட்டின. அச்சிடும் வாசகம் சற்று மாறினாலும் ஊகம் தவறிவிடும். 2006இல் ஷில்லிங் தன் மூலநிரலின் பெரும்பகுதியைச் சன் நிறுவனத்தின் சிடிடிஎல் உரிமத்துக்கு மாற்றினார். ஜிபிஎல் உரிமத்தோடு அது ஒத்துப்போகாது என்று முடிவு செய்த டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டுக் குழு, பழைய நிரலிலிருந்து கிளை பிரித்து, வோடிம் என்ற எழுதும் நிரல் அடங்கிய சிடிஆர்கிட் தொகுப்பை வெளியிட்டது. ஷில்லிங் அந்த வாதத்தை ஒப்புக்கொள்ளவில்லை. 2021இல் அவர் மறைந்தார். அந்தச் சண்டையில் யார் சொன்னது சட்டப்படி சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் கிளை பிரித்தவர்களின் சிடிஆர்கிட் 2010க்குப் பிறகு புது வெளியீடு காணாமல் தேங்கியதையும், சண்டையில் சேராமல் ஒதுங்கித் தனியாக எழுதப்பட்ட லிப்பர்ன் தொடர்ந்து வளர்ந்ததையும் பார்க்க முடிகிறது. எக்ஸ்எஃப்பர்ன் போன்ற வரைகலை நிரல்கள் இன்று இந்த நிரலகங்களை நேரடியாக அழைக்கின்றன. சிடிரெக்கார்டின் கட்டளைகளுக்குப் பழகிய கைகளுக்காக, அதே கட்டளைகளை ஏற்கும் சிடிஆர்ஸ்கின் என்ற நிரலும் லிப்பர்னோடு வருகிறது.

நான் இவற்றை இன்றும் பயன்படுத்துவது குடும்பப் படங்களைச் சேமிக்க. 25 ஜிபி புளூ-ரே தகடு ஒன்றில் சில மாதங்களுக்கு ஒருமுறை ஓர் அமர்வாகச் சேர்த்துக்கொண்டே போகிறேன். கோப்புறையை ஏற்கெனவே தகட்டில் இருப்பதோடு ஒப்பிட்டு, மாறியவற்றையும் புதியவற்றையும் மட்டும் எழுதும்படி எக்ஸோரிசோவிடம் சொல்லலாம். ஒவ்வோர் அமர்விலும் கோப்புறை மரம் முழுவதும் புதிதாக எழுதப்படும். பழைய படங்களின் உள்ளடக்கத்துக்கு அது பழைய இடத்தையே சுட்டும். பழைய அமர்வுகள் அழிவதில்லை என்பதால், கைதவறி நீக்கிய படத்தையும் முந்தைய அமர்வைத் திறந்து மீட்கலாம். இதையே குறுந்தகட்டில் செய்தால் முதல் அமர்வை மூடி அடுத்ததைத் திறப்பதற்கு மட்டும் 11,250 செக்டர்கள், ஏறத்தாழ 22 மெகாபைட், வீணாகும். அமர்வு என்ற கருத்தே இல்லாத டிவிடி+ஆர்டபிள்யூ தகட்டிலும் லிப்ஐஎஸ்ஓபர்ன் அமர்வுகளை நடித்துக் காட்டுகிறது: முதல் அமர்வைத் தகட்டின் தொடக்கத்தில் வைக்காமல் 32ஆவது செக்டரிலிருந்து எழுதி, தொடக்கத்தில் இருக்கும் தலைப்பை மட்டும் ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கிறது. இந்தத் தந்திரத்தை முதலில் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

கேட்டுக்கொண்டால் ஒவ்வொரு கோப்புக்கும், அமர்வு முழுவதற்கும் உள்ளடக்கம் மாறினால் காட்டிக்கொடுக்கும் எம்டி5 என்ற சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டு லிப்ஐஎஸ்ஓஎஃப்எஸ் தகட்டிலேயே எழுதி வைக்கும். சாதாரணமாகத் தகட்டைத் திறப்பவர் கண்ணில் அது படாது. ஒப்பிட்டுப் பார்க்க மூலக்கோப்பு இனித் தேவையில்லை. தகடே தனக்குச் சாட்சி சொல்லும்.

குறையும் உண்டு. டிவிடி படத்தகடுகளுக்கு வேண்டிய யுடிஎஃப் என்ற கோப்பு அமைப்பை லிப்ஐஎஸ்ஓஎஃப்எஸ் உருவாக்காது. ஆகவே டிவிடி பிளேயரில் ஓடும் படத்தகடு செய்ய வேண்டுமானால் வேறு நிரலைத்தான் நாட வேண்டும். கட்டளைகளின் எண்ணிக்கையும் மிரட்டும். எக்ஸோரிசோவின் கையேட்டை ஒரே மூச்சில் படித்து முடித்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

தகடே இல்லாத மடிக்கணினி வைத்திருப்பவர்களும் இந்த நிரலகங்களின் வேலையைத் தொட்டிருக்கக்கூடும். ஐஎஸ்ஓ 9660 அமைப்பில் முதல் 16 செக்டர்கள், அதாவது 32,768 பைட்டுகள், காலியாக விடப்பட்டிருக்கின்றன. வன்வட்டின் தொடக்கத்தில் இருக்க வேண்டிய பூட் பகுதியையும், வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் பகிர்வு அட்டவணையையும் அந்தக் காலி மனையில் குடியேற்றிவிட்டால், அதே கோப்பு தகட்டிலிருந்தும் பூட் ஆகும், பென் டிரைவிலிருந்தும் பூட் ஆகும். டெபியனின் நிறுவல் கோப்பும், கணினியைப் பூட் செய்யும் குரப் நிரலின் மீட்புக் கோப்பும் எக்ஸோரிசோ வழியாகத்தான் இப்படி உருவாகின்றன.

குப்பைக்குத் தப்பிய பழைய தகடு ஒன்று அண்மையில் ஒரு புத்தகத்தின் நடுவே கிடைத்தது. பிழை என்று என் கையெழுத்திலேயே அதன்மேல் எழுதியிருந்தேன். தடத்தின் நீளத்தை டிரைவிடம் கேட்டு, அதில் இரண்டைக் கழித்து, முன்கூட்டிப் படிக்கும் கெர்னலைத் தவிர்த்துவிட்டு நேரடியாக டிரைவிடமிருந்தே அத்தனை செக்டர்களை மட்டும் வாங்கினேன். ஒரு பைட் குறையாமல் எல்லாம் வந்தது.