கொடிகாமத்தில் ஒருவர், கைதடியில் இருவர்

ஊர் ஊராய்க் கண்ணாடி கொடுக்கப் போன பயணத்தின் கடைசி நாள் பின்னேரம் பரந்தன் சந்தியில் பிளேன்ரீ குடிக்க வானை நிறுத்தியபோதுதான் மாஸ்ரர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "எல்லாரும் யாழ்ப்பாணத்திலயோ இறங்கிறியள்?" ஆளுக்காள் பார்த்துக்கொண்டோம். ஏழு பேரில் நாலு பேருக்கு வீடு வழியிலேயே வந்துவிடும். ரவுணுக்கு வந்து திரும்பிப் போவது வீண் அலைச்சல். நல்லூர்ப் பக்கம் ஒரு கடையில் எல்லாருமாய்ச் சாப்பிட்டு, ஒரு படம் எடுத்து, இரண்டு வார்த்தை பேசிப் பிரிவதென்று நான் மனதுக்குள் போட்டிருந்த பிரியாவிடைக் கூட்டம் அந்த இடத்திலேயே கலைந்துபோனது.

நான் யாழ் நகரில் ஒரு கண்ணாடிக் கடையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். ஆறு நாள் லீவு போட்டு இந்தப் பயணத்துக்குப் போனேன். வேலை சின்னதுதான். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வருகிற வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி கொடுப்பது. வயது ஏற ஏற கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகி, கிட்டத்தில் உள்ளது மங்கும். இது நோயில்லை, நரை மாதிரி. ஒன்றிலிருந்து மூன்று வரையான பவரில் ஒரு கண்ணாடி கிடைத்தால் காரியம் முடிந்தது. புரை விழுந்த கண் என்று சந்தேகம் வந்தால் துண்டு எழுதி அரச ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்.

சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிக்கு ஏறி, மன்னார்க் கரையோரமாக இறங்கி, வவுனியாவைத் தொட்டு, மாங்குளத்தால் முல்லைத்தீவுக்குத் திரும்பினோம். 2011 இல் அந்தப் பாலம் திறக்கும்வரை பூநகரிக்குத் தரைவழியாகப் போக ஆனையிறவைச் சுற்றவேண்டும். பாதை நல்ல பாதைதான். ஆனால் சாரதி அண்ணைக்கு ஒரு மனக்குறை. மாங்குளத்தில் திரும்பிவிட்டால் முறிகண்டி வராது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல், கச்சான் வாங்காமல் வன்னிக்குள் ஓடிய முதல் பயணம் இதுதானாம். ஒட்டுசுட்டானில் ரயர் காற்றுப் போனபோது அவர் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே போதும்.

மேசையில் நானும் மிஸியும். மிஸி ஓய்வுபெற்ற தாதி. எழுத்து அட்டையை நீட்டினால் சில ஆச்சிமார் கூசிப்போவதை முதல் நாளே கண்டுபிடித்தவர் அவர்தான். வாசிக்கத் தெரியாது என்று சொல்ல அவர்களுக்கு வெட்கம். அடுத்த நாளிலிருந்து அட்டைக்குப் பக்கத்தில் ஊசியும் நூலும் ஒரு தட்டில் கொஞ்சம் அரிசியும் வைத்தோம். விடத்தல்தீவில் ஒருவர் வீட்டுக்குப் போய்த் தன் வலையையே தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிழிசலை விரலால் தடவாமல் கண்ணாலேயே தேடினார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அவரை எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

காசு தந்தவர்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கரைச்சல். ஒவ்வொருவரையும் பனருக்கு முன்னால் நிறுத்திக் கண்ணாடியோடு படம் வேண்டுமாம். "கண்ணாடி போட்டவர் எழுத்தைப் பார்க்கட்டும், கமராவைப் பார்க்கவேண்டாம்" என்றார் மிஸி. அது கண்ணியத்துக்காக மட்டும் சொன்னதில்லை. கிட்டப் பார்க்கிற கண்ணாடியால் எட்ட நிற்கும் கமரா மங்கலாகத்தான் தெரியும். ஆனாலும் கடைசி ஊரில் அவர்கள் நேரிலேயே வந்து நின்றார்கள். அவசரப்பட்டோம்.

சரி, இறங்கிய கதைக்கு வருகிறேன். கொடிகாமத்தில் நெல்லியடித் தங்கச்சி முதலில் இறங்கினாள். பருத்தித்துறை ரோட்டுத் தொடக்கத்தில் தகப்பன் மோட்டார்சைக்கிளோடு நின்றார். ஆறு நாளும் வாய் ஓயாத பிள்ளை, தகப்பனைக் கண்டதும் அடங்கி, "அப்ப வாறன்" என்று மட்டும் சொன்னாள். மோட்டார்சைக்கிள் திரும்பிய பிறகு, தன் தண்ணீர்ப் போத்தலை வானுக்குள் விட்டுவிட்டேன் என்று கத்தினாள். அதை எறிந்து கொடுத்ததுதான் எங்கள் பிரியாவிடை. சாவகச்சேரியில் மாஸ்ரர். அவர் எல்லாருக்கும் கை கொடுத்தார், இரண்டாம் சுற்றும் கொடுத்தார். கைதடியில் கம்பஸ் தம்பிமார் இரண்டு பேரும் நித்திரையில் இருந்தார்கள். தட்டி எழுப்பி இறக்கியதால் அவர்களுக்கு யாருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. செம்மணி வெளியில் வான் போனபோது பின் சீற்றுகள் வெறுமையாகக் கிடந்தன. அண்ணை பாட்டை நிறுத்தியிருந்தார்.

மிஸியும் நானும் அன்றிரவே கணக்கு முடித்தோம். 2.50 இல் ஒன்று கூட, 1.50 இல் ஒன்று குறைய. மாறிக் கொடுத்திருக்கிறேன். யாருக்கு என்று கொப்பியைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. கடைசி ஊரில், படம் எடுக்கக் கூப்பிட்ட அந்த அமளிக்குள், அரிசித் தட்டைக் குனிந்து பார்த்துவிட்டு "பரவாயில்லைத் தம்பி" என்று எழும்பிய அம்மா. தெரிகிறது என்று அவர் சொல்லவில்லை. பரவாயில்லை என்றுதான் சொன்னார். பதினொரு வருடம் கண்ணாடி விற்றவனுக்கு அந்த வித்தியாசம் விளங்கியிருக்கவேண்டும்.

சரியான கண்ணாடியை அடுத்த நாள் முல்லைத்தீவு பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். பேரன் சந்தியில் நின்று வாங்கிக்கொண்டான். மூன்றாம் நாள் அந்த அம்மாவே போன் எடுத்தார்.

"தம்பி, இப்ப அரிசியில கல்லு வடிவாத் தெரியுது. ஆனா முத்தத்தில நிக்கிற மாடு ஆரின்ரை மாடெண்டு தெரியேல்லை."

"அம்மா, மாட்டைப் பார்க்கேக்குள்ள கண்ணாடியைக் கழட்டுங்கோ."

"அதையும் கழட்டவேணுமோ?"

பிரிந்த நாளிலிருந்து செத்துக் கிடந்த எங்கள் வட்ஸ்அப் குறூப்பில் இதைப் போட்டேன். மிஸி குரல் பதிவு அனுப்பினார்: அந்த அம்மாவுக்குத் தான் இரண்டு தரம் சொல்லிக்கொடுத்தாராம். மாஸ்ரர் ஒரு கும்பிடு போட்டார். தங்கச்சி சிரித்துச் சிரித்து எட்டுச் செய்தி. கடைசியாகச் சாரதி அண்ணை எழுதினார்: "அடுத்தமுறை முறிகண்டியால போவம்."