டைல்ஸை எடுத்துவிட்டு மாடிப்படிக்குத் தேக்குப் பலகை

மதுரையில் எங்கள் வீட்டு மாடிப்படி கான்கிரீட், மேலே டைல்ஸ். ஈரக் காலோடு ஏறினால் வழுக்கும் என்பதால் மாமியார் மாடிக்கு வருவதையே விட்டுவிட்டார். அதனால்தான் மரப்பலகை போடலாம் என்ற யோசனையே வந்தது.

முதலில் வந்த ஒப்பந்தக்காரர், டைல்ஸ் மேலேயே பசை போட்டு ஒட்டிவிடலாம், வேலை சுலபம் என்றார். எங்கள் ஆசாரி அண்ணன் ஒத்துக்கொள்ளவே இல்லை. எல்லாப் படியிலும் ஒன்றேகால் அங்குலப் பலகை ஏறினால் நடுப்படிகளின் உயரம் மாறாது. ஆனால் ஆறரை அங்குலமாக இருந்த முதல் படி ஏழே முக்கால் ஆகிவிடும், மாடித் தரையை ஒட்டிய கடைசிப் படி ஐந்தேகாலாகக் குறைந்துவிடும். "ஏறுறப்போ படிய யாரு தம்பி பாக்குறா? காலுதான் உயரத்தக் கணக்கு வச்சிருக்கும்" என்றார். தேசியக் கட்டட விதித்தொகுப்பும் வீட்டுப் படியின் உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. ஏழே முக்கால் அங்குலம் அதையும் தாண்டுகிறது.

அதனால் டைல்ஸையும் அடியிலிருந்த சாந்தையும் பெயர்த்து எடுத்தோம். வீடு முழுக்கத் தூசி. ஆனாலும் அந்த இடத்தில்தான் பலகை சரியாக உட்கார்ந்தது. பூசி மட்டம் செய்த இடங்கள் நன்றாகக் காயும்வரை காத்திருந்தோம். பிறகு ஒரு பாலிதீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பிரித்துப் பார்த்தோம். அடியில் நீர் கோத்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றரை அடி நீளம், பதினொரு அங்குல அகலம் என்றால் ஒரு கன அடித் தேக்கில் மூன்று படிக்கு ஆகும். வாங்கும்போது வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து எடுங்கள். ஓரத்து வெள்ளைப் பகுதியைக் கரையான் அரித்துவிடும். ஈரமானி வைத்து, 12 சதவீதத்துக்குக் கீழே இருந்த பலகைகளை மட்டும் எடுத்தோம்.

எந்த இரண்டு படியும் ஒரே அளவில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அட்டையில் அச்சு வெட்டி, எண் போட்டு, அதன்படி அறுத்தார். மரம் அகலவாக்கில்தான் விரியும், சுருங்கும். அதனால் பின்பக்கம் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டார். பின் திருகுகளின் துளையையும் கொஞ்சம் பெரிதாகப் போட்டார். திருகுத் தலைகளை மூடிய தேக்கு முளைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, பலகையின் ரேகையோடு சேர்த்து வைத்த பிறகுதான் தட்டினார். இப்போது முளை எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் ஒன்று விட்டு ஒரு படியாக ஒட்டியதால் வீட்டில் ஏறி இறங்கச் சிரமமில்லை. மேல்பக்கம் மட்டும் பாலிஷ் போட்டால் பலகை வளையும் என்று அடிப்பக்கத்துக்கும் அடித்தார். மினுமினுப்பு வேண்டவே வேண்டாம் என்று சொல்லி மேட் பாலிஷ்தான் போட்டோம், முன்விளிம்போரம் மூன்று கோடும் இழைத்தோம். தரை துடைக்கும் தண்ணீர் படும் என்பதால் முதல் படியின் முன்பக்கம் செங்குத்தாக நிற்கும் பலகைக்குக் கீழே மட்டும் ஒரு கிரானைட் பட்டை வைத்தோம்.